தண்ணீருக்குக் காத்திருந்த கப்பல்

நஸீமின் மூத்த மகள் ஹுஸ்னியாவுக்கு 2023 செப்டெம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் நிக்காஹ் நடந்தது. அந்நேரம் பனாமாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. அங்கே குடாவில் நங்கூரமிட்டிருந்த, தான் வேலைபார்த்த சரக்குக் கப்பலின் மேல்தளத்தில், காதில் தொலைபேசியோடு நஸீம் நின்றார்.

கால்வாயைத் தாண்டி, மறுபக்கத் துறைமுகத்தில் இறங்கி, நிக்காஹுக்கு ஒரு கிழமை முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். அந்த வருடம் பனாமாவில் மழை இல்லை. மேட்டிலுள்ள ஏரியின் நன்னீரைத் திறந்துவிட்டுத்தான் அங்கே கப்பல்களை மேட்டுக்கு ஏற்றி மறுபக்கம் இறக்குகிறார்கள். ஏரி வற்றியதும், நாளொன்றுக்கு விடும் கப்பல்களைக் குறைத்துவிட்டார்கள். நஸீமின் கப்பல் பத்தொன்பது நாள் நின்றது.

பெண்ணைக் கொடுக்கவேண்டியவர் தகப்பன். வேறு வழியில்லாமல் தன் தம்பி ஸஜாத்துக்கு அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

"நான் குடுக்கவேண்டிய புள்ளய நீ குடு தம்பி. ஒனக்கு வக்காலத்துத் தந்திட்டன்."

பிறகு மனைவி சுஹறா பேசினாள். "புள்ள அழல்ல. நீங்களும் அழவேணாம்."

அவர் அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தண்ணீரில்லாத இடத்தில் எதற்குக் கால்வாய் என்று கூட இருந்தவர்களிடம் நாள் முழுக்கத் திட்டினார்.

ஒருவழியாகக் கப்பல் உள்ளே போன அன்று, கயிறு பிடிக்க ஏறிய உள்ளூர்த் தொழிலாளிகளில் எலியாஸ் என்பவரும் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏரியைக் கடக்கும்போது நஸீம் அவருக்குத் தேநீர் கொடுத்தார். கரையோரம் பட்ட மரங்கள் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றைக் காட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் எலியாஸ் சொல்லத் தொடங்கினார். நூறு வருடத்துக்கு முன் இந்த ஏரியைக் கட்டியபோது கிராமங்கள் மூழ்கின. கால்வாயின் இரு கரையையும் அமெரிக்கர்கள் வைத்திருந்தார்கள். 1964இல் அங்கே பனாமாக் கொடியை ஏற்றப் போன உள்ளூர் மாணவர்களோடு தொடங்கிய கலவரத்தில் பலர் செத்தார்கள். 1999இன் கடைசி நாள் கால்வாய் கைக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்தில் எலியாஸும் நின்றார்.

கால்வாய் கைக்கு வந்தும் இப்போது தண்ணீர் இல்லையே என்றார் நஸீம். எலியாஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தத் தண்ணியத்தான் நகரத்துச் சனமும் குடிக்குது. இதுக்காக இன்னொரு ஆத்தை மறிக்கப் போறாங்க. அந்த ஆத்தோரத்திலதான் என்ர மனிசியின்ர ஊர்" என்பதுபோல ஏதோ சொன்னார்.

நஸீமுக்குத் தன் இருபத்திரண்டாவது வயது நினைவில் வந்தது. சாகாமத்தில் வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயல், வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. ஒரு சிறுபோகத்தில் தண்ணீர் வராமல் போக, மேல்வயல்காரர் சின்னப்போடி மறித்துவிட்டார் என்று மண்வெட்டியோடு சண்டைக்குப் போனார். போய்ப் பார்த்தால் சின்னப்போடியின் வயலும் பாதி கருகிக் கிடந்தது. வந்த வழியே திரும்பினார். அந்த வருடம்தான் கப்பலேறினார். எலியாஸிடம் இதைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. பிஸ்கட் பக்கெட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார். இறங்கும்போது இருவரும் தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள்.

நிக்காஹ் முடிந்து ஒன்பதாம் நாள் நஸீம் கல்முனைக்கு வந்தார். ஊர் வழக்கப்படி மருமகன் இன்ஸாப் பெண்வீட்டிலேயே குடிவந்திருந்தான். கதவைத் திறந்தவனும் அவன்தான். தாடியும் பெட்டியுமாக நின்றவரை அடையாளம் தெரியாமல், ஆரு வேணும் என்று கேட்டான்.

"இது என்ட ஊடுதான் மகன்."

இன்ஸாப் வெட்கப்பட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஹுஸ்னியா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அப்போதுதான் நஸீம் அழுதார்.

அதற்குப் பிறகு அவர் கப்பலேறவில்லை. சாகாமத்து வயலை மருமகனோடு சேர்ந்து செய்கிறார். எலியாஸ் இடைக்கிடை செய்தி அனுப்புவார். அணை கட்ட அளவெடுக்க ஆட்கள் வந்தார்களாம். சனம் தோணிகளில் ஆற்றில் ஊர்வலம் போய் எதிர்த்தார்களாம். தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் சுஹறா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"அந்த மனிசன்ட பொண்டாட்டிட ஊர் இரிக்கா?"

"ஓம். இன்னும் இரிக்காம்."