சந்தனம் வைத்த கம்ப்யூட்டரும் ஸ்கூட்டர் சாவியும்

எனக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

நாங்கள் பிழைக்க வந்தது மராத்தி ஊர். வீடு ஏரவாடாவில். வேலை விமான் நகரில், ஒரு ஹோட்டலின் துணி துவைக்கும் பிரிவில். நடுவே ஷேர் ஆட்டோ. டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. வாசலில் ஸ்கூட்டர் சும்மா நிற்கும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அதை யாரையும் தொட விடமாட்டார்.

"உனக்கு வளைவுல நிதானம் வராது" என்றார்.

"எந்த வளைவுல பாத்தீங்க?"

"பாக்காமலே தெரியும்."

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அதில் லாரி ஓட்டும் கேம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து, குக்கரை வைத்துவிட்டு ஓட்டுவேன். ஏதோ வெளிநாட்டு ரோடு. சரக்கு ஏற்றிப் போய் இறக்க வேண்டும். முதலில் எல்லாவற்றிலும் மோதினேன். பிறகு மோதவில்லை.

வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்ப்பார். "ரோட்டுல ஒரு மாடு இல்ல, ஒரு போலீஸ் ஹவல்தார் இல்ல. இதெல்லாம் ஓட்டறதா?" என்பார். ஆனால் நகர மாட்டார்.

ஒருநாள் கேட்டேன். "இதுல ஒரு லோடு கீறல் விழாம இறக்கினா சாவி தருவீங்களா?"

யோசித்தார். "விஜயதசமி அன்னிக்கு ஓட்டு. அன்னிக்குத்தான் புதுசா ஒண்ணு கத்துக்க ஆரம்பிக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் அடுத்த வருஷம்தான் பேச்சு."

சரி என்றேன்.

அதற்கு முதல்நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அது அவர் வேலை. லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம். விளக்கு, கண்ணாடி, சக்கரத்து நட்டு, எதையும் விடாமல் பொட்டு வைப்பார். ஸ்கூட்டருக்கு வைத்தார். மிக்ஸிக்கு வைத்தார். பிறகு கம்ப்யூட்டர். ஒயர்களைக் கழற்றித் துடைத்து, முதுகில் இருந்த ஓட்டைகளில் வரிசையாகச் சந்தனம் அப்பினார். நடுவில் சந்தனம் தீர்ந்தது. அதனால் சில ஓட்டைகள் பிழைத்தன. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு ஒயரை மாட்டினோம். திரையின் ஒயர் பழைய ஓட்டையில் நுழையவில்லை. சந்தனம் கல்லாகியிருந்தது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஓட்டை. அதில் மாட்டினார். படம் வந்தது.

கேமைத் திறந்தேன். மரமெல்லாம் கத்தரிக்காய் நிறம். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் வானம். லாரிக்குச் சக்கரம் இல்லை, மிதந்தது. இடது பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது.

நான் அவரைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குற? நான் வேணும்னு பண்ணல."

இன்னும் பார்த்தேன்.

"சத்தியமா சாமிக்குத்தான் வெச்சேன்!"

முகம் சுருங்கிவிட்டது. பந்தயத்துக்கு முன்னால் எதிராளியின் வண்டியில் கை வைத்தான் என்ற பெயர் அவருக்கு ஆகாது. சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனை ரிப்பேர்க் கடைக்கு ஓடினார். திரும்பும்போது கையில் ஆப்டா இலை. தசராவுக்கு இங்கே அதைத் தங்கம் என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

"ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பூஜையில இருக்குதாம். நாளைக்குத்தான் எடுப்பானாம். இதைக் குடுத்து அனுப்பிட்டான்."

"ஆயுதத்துக்குப் பூஜைன்னு நீங்க பேசுற நியாயம்தானே அது."

தங்கத்தை என்னிடம் நீட்டினார். வாங்கி வைத்தேன்.

மகனுக்கு வீடியோ கால் போட்டோம். கம்ப்யூட்டரின் முதுகைக் காட்டினோம்.

"அரே, இதுல யாராவது சந்தனம் வெப்பாங்களாப்பா?"

"லாரிக்கு வெக்கறோம்ல."

"லாரியை எங்க கொண்டுபோய் டிவில மாட்டுவ நீ? ஊசி கீசி வெச்சுக் குத்தாத. மொத்தமா போயிடும்."

அவர் கையில் ஊக்கு இருந்தது. மெதுவாக வேட்டியில் குத்திக்கொண்டார்.

மகன் விளக்கினான். அடைபட்டது கேமுக்கென்று அவன் தனியாக வாங்கிப் போட்ட கார்டின் ஓட்டை. இப்போது படம் வருவது கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையில். அதற்குத் தெம்பு போதாது.

"அம்மா, நம்ம சால்ல வரிசை வீடு எல்லாத்துக்கும் பொதுவா ஒரு தண்ணித் தொட்டி இருக்குல்ல? அது மாதிரி உள்ள மெமரி இருக்கு. அதுல படத்துக்கு ஒரு சொம்புதான் குடுத்திருக்கு. பயோஸ்ல போய் அதை அண்டாவா மாத்தணும்."

"அது எங்க இருக்கு?"

"ஆன் பண்ண உடனே எஃப்-டூ தட்டு. தட்டிக்கிட்டே இரு."

எஃப்-டூவைத் தேடினோம். கீபோர்டின் மேல்வரிசை முழுக்கக் குங்குமம். துடைத்துக் கண்டுபிடித்துத் தட்டினேன். நீலமாக ஒரு பக்கம் வந்தது. முழுக்க ஆங்கிலம். மவுஸ் வேலை செய்யவில்லை. அம்புக்குறிகள்தான்.

"கேபினைத் தூக்கிட்டு இன்ஜினைப் பாக்கற மாதிரி" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாப்பா, அதேதான். அதனால நீ எதையும் தொடாத."

"இதுல மணி தப்பாக் காட்டுதே" என்று தொட்டார்.

"அப்பா!"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது துணிப்பைகளின் மேல் இருக்கும் எழுத்துகள்தான். மகன் ஒரு சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நான் அதே மாதிரி இருக்கும் வரிக்கு இறங்கினேன். பக்கத்தில் 64 என்று இருந்தது. எண் எனக்கு வரும். தட்டினால் கீழே பெரிய எண்கள் வந்தன.

"இருக்கறதுலயே பெருசை வை" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம்மா. தொட்டியையே படத்துக்குக் குடுத்துட்டா மத்த வேலைக்குத் தண்ணி? 512 வை."

வைத்தேன். வெளியே வந்தேன். மரம் இன்னும் கத்தரிக்காய்தான்.

"எஃப்-டென் தட்டி சேவ் பண்ணியா?"

"அதை நீ சொல்லல."

"அது தெரிய வேணாமா?"

"எனக்குத் துணி துவைக்கத் தெரியும்."

மறுபடி போனேன். மறுபடி மாற்றினேன். எஃப்-டென் தட்டினேன். கேமுக்குள் படத்தின் தரத்தையும் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். மரம் பச்சையாகிவிட்டது. அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரிதான் இருந்தது, ஆனாலும் பச்சை. ரோடு தரைக்கு வந்தது. லாரிக்குச் சக்கரம் வந்தது. பக்கக் கண்ணாடி மட்டும் தெளியவில்லை. சோப்பு போட்டுக் கழுவாமல் விட்ட மாதிரி இருந்தது.

"நாளைக்கு ஓட்டினாலும் ஒத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். "ரிப்பேர் வண்டியோட பந்தயம் எனக்கு வேணாம்."

"நாளைக்கு விஜயதசமி இல்ல."

ஓட்டினேன். மகன் போனை வைக்கவில்லை. வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இன்னொரு வளைவு. வீட்டுக்காரர் மூச்சு விடும் சத்தம் என் காதுக்குப் பின்னால் கேட்டது. சுரங்கப்பாதை, பாலம், மழை. கீறல் இல்லை.

கடைசியில் குடோன். பின்னால் எடுத்து இரண்டு லாரிகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்துற?"

"பின்னால எதுவும் தெரியல."

முன்னால் வந்தார். திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு ஒட்டும்படி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஆனே தே" என்றார். லாரிக் கிளீனர்கள் சொல்வது. வரட்டும், வரட்டும் என்று அர்த்தம். "ஆனே தே, ஆனே தே... கொஞ்சம் லெஃப்ட் ஒடி... ஒடி... ஆனே தே..." கம்ப்யூட்டரின் பக்கத்தில் கையால் தட்டினார், லாரி பாடியில் தட்டுவது போல. மகன் போனில் அலறினான். "அடிக்காதப்பா! உள்ள கார்டு இருக்கு!" இவர் கேட்கவில்லை. "ஆனே தே... பஸ், பஸ், போதும்!"

நிறுத்தினேன். திரையில் பச்சைக் குறி வந்தது. சேதம் பூஜ்யம்.

நிமிர்ந்தார். அப்போதுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"ரிவர்ஸ் நான் சொல்லித்தான் வந்துச்சு."

"ஆமாங்க."

"அப்ப பாதிதான் ஜெயிச்ச."

"நீ கிளீனர் இல்லாம லாரி ஓட்டியிருக்கியாப்பா?" என்றான் மகன்.

அவர் போனை முறைத்தார். ஆணியில் இருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு புடவையை இழுத்துச் செருகினேன்.

"இப்பவேவா?"

"இன்னைக்குத்தானே கத்துக்கணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பினார். நான் கதவைப் பூட்டும்போது சந்தில் அவர் குரல் கேட்டது. இந்தியில் கத்தினார். எல்லாரும் அவரவர் வண்டியை ஓரமாக எடுக்க வேண்டுமாம். டிரக் வருகிறதாம்.