மயக்கத்தில் பேசிய தமிழ்

ஜெர்மனியின் எசன் நகரில் நான் வேதியியல் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில் செவ்வாய்க்கிழமை மதியங்களில் இன்னொருவருடைய கனவுக்குள் போய்வந்தேன். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ, பேர் மட்டும் வேண்டாம்" என்றார்.

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தமிழும் ஜெர்மனும் தெரிந்தவர் தேவை, மருத்துவமனையில் மொழிபெயர்க்கும் வேலை. அதற்குக் கீழே யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்: இந்தியத் தமிழராக இருந்தால் நல்லது. எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ஊரில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. அவர்களில் யாரைக் கூப்பிட்டாலும் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். திருச்சியிலிருந்து வந்த நான் எதற்கு?

வலி சிகிச்சைப் பிரிவின் நடைவழியில் முதல் முறை அவரைப் பார்த்தபோது அதையே கேட்டேன். நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டு, கட்டடத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"எங்கட ஆக்கள் எண்டால் நாளைக்குக் கடைக்குள்ள கதை வந்திடும், தங்கச்சி. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் ஆரெண்டு உங்களுக்கும் தெரியாது. அது நல்லது."

பிறகு தெரிந்துகொண்டேன். அவர் ஊரில் இயக்கத்தில் இருந்தவர். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பீரங்கிக் குண்டு, அவர் சொல்லில் ஒரு செல், வெடித்து, விரல் நகம் அளவு இரும்புத் துண்டொன்று இடது காதுக்குப் பின்னால் மண்டைக்குள் போய்த் தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்று இரண்டு நாட்டு மருத்துவர்களும் விட்டுவிட்டார்கள். வெளிச்சம் அவருக்கு ஊசியாகக் குத்தும். தெரிந்த வார்த்தைகள் திடீரென்று காணாமல் போகும். முள்கரண்டியை "அந்தக் குத்திற சாமான்" என்பார். தலைவலி வந்தால் மூன்று நாள் நிற்கும். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தவர், ஒருநாள் தட்டு விழுந்த சத்தத்தில் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வேலை இல்லை. இரவில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குவார். இதையெல்லாம் சொன்னது அவருடைய மனைவி. அவர் சொல்லவில்லை.

வேறு எந்த மருந்துக்கும் அந்த வலி அடங்காததால், அங்கிருந்த மயக்க மருத்துவர் அம்மா கெட்டமின் கொடுத்துப் பார்க்கலாம் என்று தீர்மானித்திருந்தார். அறுவை சிகிச்சையில் ஆளை மயக்கக் கொடுக்கும் மருந்துதான். கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக ஏற்றினால் ஆள் முழுதாகத் தூங்குவதில்லை, வலி தளர்கிறது, கூடவே கனவு வருகிறது. மண்டைக்குள் இரும்பு இருப்பவருக்கு இதைக் கொடுக்கலாமா என்று நரம்பு மருத்துவர்களிடம் பல வாரம் ஆலோசித்துத்தான் சம்மதித்தார்கள். அந்த மூலக்கூறைக் காகிதத்தில் வரையச் சொன்னால் என்னால் வரைய முடியும். அது ஒரு மனிதனுக்குள் என்ன செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

அதே பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய உளவியலாளர் ஒருவர் இருந்தார். கனவைப் பக்கவிளைவு என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு மனமில்லை. "கதவு திறக்கிறது. அப்போது பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன?" என்றார். என்னிடம் ஒரே ஒரு விதி சொன்னார். "'அவர் சொல்கிறார்' என்று மொழிபெயர்க்காதீர்கள். அவர் நான் என்றால் நீங்களும் நான் என்றே சொல்லுங்கள்."

அறையின் திரைச்சீலை பாதி மூடியிருக்கும். வெளியே பனியின் வெளிச்சம் பால்போலச் சுவரில் ஏறி நிற்கும். அவர் கட்டிலில் சாய்ந்திருப்பார், கையில் ஊசிக் குழாய். மருத்துவர் அம்மா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு மூலையில் நிற்பார். உளவியலாளர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கால்மணி நேரம் எதுவும் நடக்காது. பிறகு அவருடைய முகம் தளரும்.

"கூரை தூரப் போகுது" என்றார் முதல் நாள்.

"கூரை தூரப் போகிறது" என்றேன் ஜெர்மனில்.

"என்ர கை ஆரோ ஒருத்தற்ற கை மாதிரிக் கிடக்குது."

"என் கை வேறு யாருடைய கை போலவோ இருக்கிறது."

"நான் தண்ணிக்குள்ள இருக்கிறன். ஆனா மூச்சு வருது. பச்சைத் தண்ணி. மேல வெயில் தெரியுது, அது குத்தேல்ல."

அதையும் நான் என்றே சொன்னேன். நான் தண்ணீருக்குள் இருக்கிறேன், எனக்கு மூச்சு வருகிறது. அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கே அறையின் தரை மிதப்பது போலிருந்தது. அவர் குரல் நின்றதும் என் குரலும் நிற்கும். அவர் மூச்சு விடும்போது நானும் விடுவேன். வீட்டுக்குப் போகும் டிராமில் ஜன்னலுக்கு வெளியே பழைய சுரங்கக் கோபுரம் ஒன்று பனிமூட்டத்தில் வேரில்லாமல் நிற்பதைப் பார்த்து, இது அவருடைய கனவா என் கண்ணா என்று ஒரு கணம் தெரியாமல் விழித்தேன்.

இரண்டாம் முறை கனவின் நிறம் மாறியது. அவருடைய கண்ணோரம் நீர் வழிந்தது. உதடுகள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லின.

"ஆறுதலா... ஆறுதலா..."

'ட்ரோஸ்ட்' என்றேன். ஆறுதல், தேற்றுதல் என்பதற்கான ஜெர்மன் சொல். உளவியலாளர் மெல்ல முன்னால் குனிந்தார்.

"யாரிடமிருந்து ஆறுதல் வேண்டும்?"

அதைத் தமிழில் கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் முறையும் அப்படியே. அதே வார்த்தை, அதே கண்ணீர், எங்களுடைய அதே கேள்வி, அதே சுவர். உளவியலாளரின் குறிப்பேட்டில் 'ஆறுதல்' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகள் விழுந்தன. தாயைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். சிறுவயதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை.

அன்று சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளியும்வரை இருந்துவிட்டு மூவரும் வெளியே வந்தோம். அவர், கூட்டிப்போக வந்த மனைவி, நான். மருத்துவமனை வாசற்படியில் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. டிராம் வருவதைப் பார்த்து நான் அவசரமாக இறங்கினேன். பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, ஆறுதலாப் போங்கோ! வழுக்கும்."

ஒரு காலைத் தூக்கியபடி நான் நின்றுவிட்டேன்.

"ஆறுதலான்னா என்ன அண்ணா?"

"ஆறுதலா எண்டால்..." அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"மெதுவா" என்றார் மனைவி. "அவசரப்படாம. ஏன், உங்கட ஊரில வேற மாதிரியோ?"

டிராம் போய்விட்டது. எனக்குக் காது சுட்டது. இரண்டு வாரமாக அந்த மனிதர் 'மெதுவாக, மெதுவாக' என்று யாரிடமோ கெஞ்சியிருக்கிறார். நானோ அவரை ஆறுதலுக்கு ஏங்குகிறவராக ஆக்கி வைத்திருக்கிறேன். என் தமிழ் எல்லாத் தமிழுக்கும் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பின்மேல் எனக்கு வெறுப்பு வந்தது.

அடுத்த செவ்வாய் மருந்து ஏற்றுவதற்கு முன்பே உளவியலாளரிடம் சொன்னேன். "நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன். அது ட்ரோஸ்ட் இல்லை, லாங்ஸாம்." மெதுவாக. இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து, கோடு போட்ட அந்தச் சொல்லை அடித்துவிட்டு, கட்டிலில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

"யார் மெதுவாகப் போக வேண்டும்?"

நான் தமிழில் கேட்டேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நான்கு வாரத்தில் அப்போதுதான் அவருடைய கண்களைச் சரியாகப் பார்த்தேன்.

"மருந்தைப் போடச் சொல்லுங்கோ" என்றார். "பேந்து சொல்லுறன்." பிறகு சொல்கிறேன் என்று உளவியலாளருக்கு மொழிபெயர்த்தேன்.

அன்று அவர் தண்ணீருக்குள் போகவில்லை. மேலே போனார். பறவை இருக்கும் உயரத்திலிருந்து வயல்வெளியைப் பார்ப்பதாகச் சொன்னார். மழை விட்ட காலை. நாலு பேர் ஒரு சாரத்தின், அதாவது கைலியின், நாலு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சாரத்துக்குள் ஒருவன் கிடக்கிறான்.

"அது நான்தான்" என்றார் நிதானமாக. "தலை முழுக்க ரத்தம். ஒவ்வொரு அடிக்கும் நோகுது. நான் ஆறுதலா, ஆறுதலா எண்டு கத்திறன். அவை ஆறுதலாப் போகினம்."

"நான் மெதுவாக, மெதுவாக என்று கத்துகிறேன்" என்றேன். "அவர்கள் மெதுவாகப் போகிறார்கள்."

"முன்னுக்கு இடப்பக்கம் பிடிச்சவன் என்ர கூட்டாளி. அவன்தான் மற்றவைக்குச் சொல்லுறான், பாவம் அவனுக்கு நோகுது, ஆறுதலாப் போங்கோடா எண்டு. அடுத்த செல் அவனுக்குக் கிட்ட விழுந்தது. எனக்கு ஒண்டும் இல்ல. நான் கத்தாம இருந்திருந்தா அவங்கள் ஓடியிருப்பாங்கள். அவன் இருந்திருப்பான்."

அதையும் நான் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் கத்தாமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான். வாக்கியத்தின் நடுவில் என் குரல் உடைந்தது. உளவியலாளர் அவசரப்படுத்தவில்லை. இயந்திரம் மட்டும் சீராகச் சத்தமிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உளவியலாளர் கேட்டார்: "இன்னும் மேலேதான் இருக்கிறீர்களா?"

"ஓம்."

"அவர்களுடைய கால்களைப் பாருங்கள். அவர்களால் ஓட முடியுமா?"

மூடிய இமைகளுக்குள் கருவிழி இடமும் வலமும் அசைந்தது, எதையோ தேடுவது போல.

"சேறு" என்றார். "முழங்கால் மட்டுக்கும் சேறு. காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கினம்." கட்டிலில் அவருடைய கால்கள் அசைந்தன. "ஏலாது. ஆராலயும் ஓட ஏலாது."

பிறகு அழுதார். சுவர்ப்பக்கம் திரும்பாமல், எங்கள் மூவருக்கும் முன்னால், வாய் திறந்து அழுதார். மருத்துவர் அம்மா மூலையிலிருந்து வந்து அவர் பாதத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சேறு நிஜமா, மருந்து உண்டாக்கியதா? பிற்பாடு உளவியலாளரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார் ஒளிவுமறைவில்லாமல். "அவரிடமே கேட்போம்." தெளிந்த பிறகு கேட்டபோது, அந்த வயலில் முதல் நாள் முழுக்க மழை பெய்தது நிச்சயம் என்றார். இத்தனை வருடமாக மழை ஞாபகம் இருந்ததாம். சேறு மட்டும் ஞாபகத்தில் இல்லை.

மொத்தம் ஆறு முறை அந்த மருந்து ஏற்றினார்கள். இரும்புத் துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வார்த்தைகள் தொலைவதும் நிற்கவில்லை. தலைவலி சில வாரம் விலகியிருந்து திரும்பி வந்தது, ஆனால் மூன்று நாள் நிற்பதில்லை. ஒருநாள் அவருடைய மனைவி தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, ராத்திரி கட்டில்ல படுத்தவர். காலை நீட்டிப் படுத்தவர். எனக்குத்தான் பயத்தில நித்திரை வரேல்ல, மூச்சு வருதோ எண்டு பார்த்துக்கொண்டே கிடந்தன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்போது இலங்கையில் போர்நிறுத்தம். கடிதங்கள் போய்வந்த காலம். கோடையில் அவர் அந்தக் கூட்டாளியின் அக்காவுக்கு எழுதினார். பதில் கடிதத்தில் ஒரு தொலைபேசி எண் வந்தது. பேசும்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க எதுவும் இல்லையே என்றேன்.

"இருந்தாக் காணும்" என்றார். காணும் என்றால் போதும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார்கள். அந்த அக்காவின் குரல் கடல் தாண்டி, சற்றுத் தாமதித்துத் தாமதித்து வந்தது. இவர் எல்லாவற்றையும் சொன்னார். வயலை, சாரத்தை, தான் கத்தியதை. ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த அக்கா திட்டப்போகிறார் என்று நினைத்து நான் மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, எங்களுக்கு அவன் எங்க விழுந்தவன் எண்டே இவ்வளவு நாளும் தெரியாது" என்றது அந்தக் குரல். "எந்த வயல் எண்டு சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதிறன்."

அவர் சொன்னார். எந்த ஊர், எந்த வாய்க்கால், வாய்க்காலுக்கு எந்தப் பக்கம். சொல் வராத இடங்களில் கையால் காற்றில் வரைந்தார், அது அங்கே தெரியாது என்பதை மறந்து. மனைவி பார்த்துச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். எழுதும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது.

கடைசியில் அந்த அக்கா அன்றைய நாளைப் பற்றி ஒன்று கேட்டார்: "அண்டைக்குச் சாப்பிட்டிருந்தவனோ?"

"ஓம் அக்கா. விடிய எல்லாரும் ஒண்டாத்தான் சாப்பிட்டனாங்கள். பாணும் சம்பலும்."

"சரி" என்றார் அக்கா. "அப்ப சரி."

இணைப்பு அறுந்த பிறகும் நாங்கள் மூவரும் எழவில்லை. வீதியில் குழந்தைகள் மிதிவண்டி ஓட்டும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி எழுந்து குசினிக்குள் போனார். அவரும் எழுந்து பின்னால் போய்ப் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. பிறகு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி.