பவர் அண்ணையின் முழங்கால்

வெயிலேறிய சீமெந்தில் காயும் சூடைக் கருவாட்டின் மணம் மற்றவர்களுக்குக் கடலை நினைவூட்டுமாம். எனக்கு நினைவுக்கு வருவது கூடைப்பந்து. ஊர்காவற்றுறையில் எங்கள் பங்குக் கோயிலின் பின்வளவில் ஒரேயொரு சீமெந்துத் தளம் இருந்தது. முந்தியிருந்த சுவாமியார் ஒருவர் ஆசைப்பட்டு நாட்டுவித்த வளையக் கம்பத்தின் கீழ்ப் பின்னேரங்களில் நாங்கள் பந்து தட்டினோம். பகலில் மீனவப் பெண்கள் அங்கே மீன் காயவைத்தார்கள். பந்திலும் அந்த மணம், எங்கள் கையிலும் அதே மணம்.

எங்களுக்கு இதைப் பழக்கியவர் 'பவர் அண்ணை'. கொழும்பில் ஒரு கம்பனியின் கூடைப்பந்து அணியில் 'பவர் போவேட்' என்ற இடத்தில் ஆடியவர்; தன்னைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்பார். அந்தத் தொழிலின் முறை இதுதான்: உயரமான ஒருவனைக் கிளாக்கராக எடுத்து, கிளாக்கர் வேலையைத் தவிர மற்றதெல்லாம் செய்யவைப்பது. பவர் போவேட்டின் கடமையும் பெரிய வித்தையல்ல. வளையத்தின் கீழ் நின்று, முழங்கையால் நாலு பேரை இடித்து, பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிக்கவேண்டும். சங்கக்கடைக் கியூவில் நின்று சீனி வாங்கிய எவருக்கும் அது கைவந்த கலை.

கொழும்பிலிருந்த ஊர்ச்சனமெல்லாம் கலவரத்துக்குத் தப்பி அகதிக் கப்பலில் வந்திறங்கிய எண்பத்து மூன்றில் வராமல், மறு வருடம் சாவகாசமாக, நொண்டிக்கொண்டு வந்தார். "முழங்கால் போச்சு, இனி விளையாட ஏலாது" என்றார். தளத்தின் ஓரத்தில் கதிரை போட்டு, காலை நீட்டி, தான் பறித்த பந்துகளைப் பற்றிப் பேசுவதே அதன் பிறகு அவரது பயிற்சி முறை. "பெட்டையளின்ரை நெற்போலுக்கு ஓய்வு வேறை!" என்று, இரண்டு விளையாட்டும் ஒன்றென நினைத்த பெரியவர்கள் சிரித்தார்கள். நெற்போல் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, இதற்கு உண்டு என்று விளக்கியே அவர் களைத்தார். மின்சாரம் நின்ற நாட்களில் அவர் சந்திக்கு வந்தால், "அந்தா, பவர் வந்திட்டுது!" என்பது வழக்கமான பகிடி.

ஒரு மாரி முடிய, கம்பத்தைப் பிடுங்கித் தளம் முழுவதையும் கருவாட்டுக்கு விடவேண்டும் என்று பெண்கள் சுவாமியாரிடம் கேட்டார்கள். முன்னுக்கு நின்றவர் பவர் அண்ணையின் சொந்த மாமி திரேசம்மா. தளம் போனால் பவர் அண்ணைக்குக் கதிரை போட இடமில்லை; கதிரை இல்லாவிட்டால் அவர் வெறும் உயரமான மனிதர். பூசை முடிந்து சனம் தளத்தடியில் கூடியிருக்க, அவர் கொழும்புப் பெருமையை எடுத்துவிட்டார்.

"கதையை விடும், மருமோன். ஒருக்காத் துள்ளி அந்த வளையத்தைத் தொடும் பாப்பம். தொட்டால் நான் மீனை அள்ளிக்கொண்டு போறன்."

"முழங்கால் ஏலாது, மாமி."

"வாய் மட்டும் ஏலும், என்ன?"

சனம் சிரித்தது. அவர் செருப்பைக் கழற்றினார். காய்ந்துகொண்டிருந்த சூடையில் ஒன்றையும் மிதிக்காமல், நொண்டாமல், ஓடிவந்து துள்ளி, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். இரும்புக் கறள் உதிர்ந்து மீனில் கொட்டியது. ஒருவரும் கைதட்டவில்லை.

"அப்ப முழங்காலுக்கு என்ன?" என்றார் மாமி.

இறங்கிக் கையைத் துடைத்தார். "அதுக்கு ஒண்டுமில்லை, மாமி. கலவரம் முடியத் திரும்பவும் விளையாடப் போனனான். ஒருத்தன் எண்டாலும் எனக்குப் பந்து தரேல்லை."

அவரோடு ஆடிய அந்த அணிக்காரர் கலவரத்தில் அடித்தவர்கள் அல்லர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு உயரமான மனிதனைக் காணாதவர்கள் போல் நின்ற கனவான்கள். அதற்கு விசில் ஊத எந்த விதிப் புத்தகத்திலும் இடமில்லை.

திரேசம்மா மீனை அள்ளினார். மறுநாள் பின்னேரம் பவர் அண்ணை வழக்கம்போல நொண்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து மாமியின் குரல் வந்தது: "முழங்கால் எப்பிடி, மருமோன்?"

"நோகுது, மாமி."

அதன்பின் அந்த முழங்காலை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. எங்கள் ஊர் நாகரிகமாக நடந்துகொண்டதாக எனக்குத் தெரிந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

தொண்ணூறில் யுத்தத்தால் எங்கள் தீவு காலியானபோது அவர் எந்தத் திசையில் போனாரென்று தெரியாது, கம்பமும் போய்விட்டது. அண்மையில் போய்ப் பார்த்தேன். புதுத் தளம் போட்டு, நாடா வெட்டி, 'கூடைப்பந்துத் திடல்' என்று கல்லும் பதித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்துக்குக் கேள்விமனு கோரியது முதல் வேலை முடிந்து கையேற்றது வரை ஒரு படி தவறியிராது. அரசாங்க அலுவலகத்தில் அந்த நடைமுறைகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். நட்டிருப்பது என்னவோ நெற்போல் கம்பம். வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. எறிந்த பந்து பட்டுத் திரும்பிவர அங்கே ஒன்றுமில்லை. கீழே மீன் காய்கிறது.