கைலாசநாத குருக்கள் வண்டியில் செயின் ஏன் கழலவில்லை

கைலாசநாத குருக்கள் படத்திறப்புக்குப் போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். ஒருவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "மழையானாலும் வெயிலானாலும் மலைக்குப் பின்னால் இருக்கிற சிவனுக்கு நைவேத்தியம் கொண்டுபோனார். அந்தச் சைக்கிளில் செயின் கழன்றதே கிடையாது. எல்லாம் அண்ணாமலையார் அருள்" என்றார். கூட்டமும் அரோகரா போட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணாமலையார் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அவர் ஸ்பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை. அந்தச் செயினை மாட்டியது சைக்கிள் கடை வேடியப்பன், அதாவது நான். கழன்றதே கிடையாதாம்! கழன்று கழன்று அந்த மனுஷன் நடுரோட்டில் நின்று கண்கலங்கியது பேசினவருக்குத் தெரியுமா? தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருக்கும், பொய் இருக்காது.

கைலாசநாத குருக்களுக்குச் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். பெரிய கோயிலில் அவர் பங்குக்கு வந்த பூஜை முறை ரொம்பக் கம்மி. மலைக்குப் பின்னால் ஒரு கிராமத்தில் இருந்த சின்னச் சிவன் கோயில் பூஜைதான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. களத்தில் அந்த ஊர்க்காரர்கள் அளக்கிற நெல்தான் அவர் சோறு. அந்தப் பூஜை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். உச்சிப் பூஜை மணி கேட்டால்தான் பெரியவர்கள் சாப்பிட உட்காருவார்கள். கோயில் மடப்பள்ளி இடிந்து கிடந்ததால் டவுனில் இருக்கும் குருக்கள் வீட்டில்தான் சமையல். குளித்து மடியோடு சமைத்த சாதத்தை, வழியில் யார் மேலும் எதன் மேலும் படாமல், அதே மடியோடு கொண்டுபோக வேண்டும். நேரமானால் ஊரே பசியோடு காத்திருக்கும். பசித்தவன் பக்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் நடந்துதான் போய்வந்தார். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போன சமயத்தில், மலைக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் ரேஸ் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வருஷம் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் இருக்கும். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். பின்சக்கரத்தில் ஒன்றை ஒட்டி ஒன்றாக நாலு பல்சக்கரம். நெம்புகோலைத் தள்ளினால் செயின் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தாவும். அப்படி ஒரு வண்டியை இந்த ஊர் பார்த்ததில்லை.

முதல் தகராறு சீட்டில் வந்தது. "செத்த மாட்டுத் தோல் மேல உட்காந்துண்டு சுவாமிக்குச் சாதம் கொண்டுபோவேளா?" என்று குருக்களின் மனைவி லலிதாம்பாள் அம்மா கேட்டுவிட்டார். நான்தான் தோலை எடுத்துவிட்டுப் பலகை அறுத்து, தேங்காய் நார் அடைத்து, கோணி சுற்றி சீட் செய்து கொடுத்தேன். ஊரில் வேறு எவனுக்கு அந்த யோசனை வந்திருக்கும்?

அடுத்ததுதான் பெரிய கூத்து. கடையில் விற்கிற ஆயில் தீட்டு என்று செயினுக்கு விளக்கெண்ணெய் விட்டார்கள். அத்தோடு விட்டார்களா? வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குப் பூஜை. சுவாமி வேலை செய்கிற வண்டி என்று நாலு பல்சக்கரத்துக்கும் பட்டையாக விபூதி! எண்ணெயில் சாம்பல் குழைந்தால் என்ன ஆகும்? பாத்திரம் தேய்க்கிற பொடிதான் ஆகும். பல்லைத் தின்றது, ஸ்பிரிங்கைத் தின்றது. நான் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி மறுபடியும் பட்டை. செயின் நினைத்த இடத்தில் கழல ஆரம்பித்தது.

கழன்றால் நீங்களும் நானும் மாட்டிக்கொண்டு போய்விடுவோம். அவர் தொட முடியாது. கை அழுக்கானால் மடி போச்சு, திரும்பக் குளிக்க வேண்டும், சாதமும் வீண். ஒரு நாள், கடைக்குத் திரும்பி வராத வாடகைச் சைக்கிள் ஒன்றைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கொளுத்துகிற வெயிலில் ரோட்டு நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணில் தண்ணீர்.

"வேடியப்பா, நல்லவேளை வந்தே. செயினை மாட்டி விடுடா. என் மேல பட்டுடாதே."

கூப்பிடுவதும் அவர்தான், படாதே என்பதும் அவர்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தள்ளி நின்று மாட்டிவிட்டேன். அன்றைக்கும் நேரமாகிவிட்டது. கிராமத்துக் கோயில் தர்மகர்த்தா ராமகிருஷ்ணன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா, உங்க பெரியப்பா மகன் தியாகேசனைப் பூஜைக்கு வச்சிக்குவோம்." அந்தத் தியாகேசன் ரொம்ப நாளாக அதற்காகவே வாயைப் பிளந்துகொண்டிருந்த ஆள்.

மறுநாள் குருக்கள் கடைக்கு வந்தார்.

"சாமி, இந்தக் கியர் நமக்கு வேணாம். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே பல்லா போட்டுடறேன்" என்றேன்.

"அவர் ஆசையாக் கொடுத்தார்டா. நாலையும் எடுத்துட்டா அவர் மனசு என்ன பாடுபடும்?"

"அவரு மனசு லண்டன்ல இருக்குது சாமி. உங்க சோத்துக் குண்டான் இங்க இருக்குது. எதைப் பாக்கணும்?"

வண்டியை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

வண்டியைக் கவிழ்த்தேன். நெம்புகோல், கம்பி, செயினைத் தள்ளுகிற ஸ்பிரிங் கை எல்லாம் கழற்றினேன். நாலு பல்சக்கரமும் விபூதி ஏறிச் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உளி வைத்துத் தட்டித்தான் இளக்கினேன். அந்த இடத்தில் நம்மூர் ஒற்றை ஃப்ரீவீலைத் திருகினேன். பாரம் ஏற்றினாலும் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று பல் ஜாஸ்தியாக உள்ளதாகப் பார்த்துப் போட்டேன். மரை ஒத்துக்கொண்டது. அரைகுறை ஆள் அத்தோடு கையைத் துடைத்துக்கொள்வான். நான் கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்த்தேன். முன்பல்லுக்கு நேராக இல்லாமல் பின்பல் உள்ளே ஒடுங்கி நின்றது. அச்சில் வலப்பக்கம் இருந்த வாஷர்களை இடப்பக்கம் மாற்றிச் சக்கரத்தை நகர்த்தினேன். ரிம் ஒரு பக்கமாகப் போனது. ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு புதுச் செயினை அளந்து வெட்டி மாட்டி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்கினேன். மேலே தகரத்தில் ஒரு மூடி.

"விபூதி பூசணும்னா மூடி மேல பூசிக்கச் சொல்லுங்க அம்மாவை. உள்ள பூசினா நான் கடையைக் கட்டிக்கினு கீழ்பென்னாத்தூர் போயிடுவேன்" என்றேன்.

தியாகேசனுக்குப் பொறுக்குமா? வெள்ளைக்காரன் கியரை வேடியப்பன் மெட்ராசில் விற்றுவிட்டான் என்று தேரடித் தெரு முழுக்கப் பரப்பினார். என்னைத் திருடன் என்றால் சும்மா இருப்பேனா? கழற்றிய சாமான் அத்தனையையும் கூடையில் அள்ளிக்கொண்டு மலைக்குப் பின்னால் அந்தக் கிராமத்துக் கோயிலுக்குப் போனேன். தர்மகர்த்தாவும் இருந்தார், தியாகேசனும் இருந்தார். இரண்டு பேர் காலடியிலும் கொட்டினேன்.

"நல்லா பாத்துக்குங்க. ஒரு நட்டு கொறஞ்சாலும் என் கையை வெட்டுங்க!"

தியாகேசன் சிரித்தார். "இதை வச்சுண்டு நான் என்னடா பண்றது? நாலு பல் இருந்தே நொண்டினவன், ஒத்தைச் சக்கரத்துல அன்னாபிஷேகத்துச் சாதத்தை எப்படிடா இழுத்துண்டு வருவான்?"

"வருவாரு. வரலைன்னா நான் கடையை மூடிடறேன்."

தர்மகர்த்தா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "சரி, ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பாத்துடுவோம். அன்னிக்கு லேட்டானா தியாகேசன்தான்" என்றார்.

அந்தக் கோயிலில் அன்னாபிஷேகமும் உச்சி வேளையில்தான். லிங்கம் முழுக்க மூடுகிற அளவுக்குச் சாதம் வேண்டும். முதல் நாள் பிடித்த மழை விடவில்லை. ரோடு களிமண். நான் காலையிலேயே போய்க் கோயில் மதில் ஓரம் நின்றுவிட்டேன். தியாகேசன் தன் வீட்டில் வடித்த சாதத்தை வாழையிலை போட்டு மூடி, கூண்டு வண்டியில் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். "ஒரு வேளை தேவைப்பட்டா" என்றார். என்ன அக்கறை!

ஊர் கூடிவிட்டது. ஒரு கிழவர், "ஏம்பா, பசி காதை அடைக்குது. யார் சோறா இருந்தா என்ன, மணியை அடிங்க" என்றார். தர்மகர்த்தா வானத்தைப் பார்த்தார். மேகத்தில் சூரியன் எங்கே தெரிகிறது? தியாகேசன் குண்டானில் கை வைத்துவிட்டார்.

"அதோ!" என்று யாரோ கத்தினார்கள்.

குடையைச் சாதத்துக்குப் பிடித்துக் கட்டிவிட்டு, தான் நனைந்துகொண்டு வந்தார் கைலாசநாத குருக்கள். முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்குகிறது, மிதிப்பதை விடவில்லை. செயினில் களிமண் அப்பிக் கிடக்கிறது, ஆனால் ஒரு கண்ணி நகரவில்லை! யாரையும் பார்க்காமல் குண்டானை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். மணி அடித்தது.

"குருக்களே, பூஜை உங்களுக்குத்தான். இனிமே இந்தப் பேச்சே கிடையாது" என்று தர்மகர்த்தா வாசலில் நின்றபடி சொன்னார். தியாகேசன் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் குருக்கள் சாகிற வரைக்கும் அந்தப் பூஜை அவரிடம்தான் இருந்தது.

அலங்காரம் கலைத்துப் பிரசாதம் கொடுக்கும்போது முதல் உருண்டை தர்மகர்த்தாவுக்கு என்பது மரியாதை. குருக்கள் அவரைத் தாண்டி நேராக மதில் ஓரம் வந்தார். நான் கையை நீட்டினேன். ஒரு முழ உயரத்திலிருந்து பொத்தென்று போட்டார்.

"தூக்கிப் போடறீங்களே சாமி. உங்க வண்டியைச் சரி பண்ணின கைதான இது?"

"மடியில இருக்கேன்டா. கோச்சுக்காதே. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோ."

கோபம்தான். எப்படி இல்லாமல் இருக்கும்? ஆனால் காலையிலிருந்து நானும் பட்டினி. வாயில் போட்டுக்கொண்டு, முறைத்தபடியே மறுபடி கையை நீட்டினேன்.