சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்

தாம்பரம் கோர்ட்டில் ஒன்பது வருடம் நான் வக்கீலாக இருந்தேன். என்ன வாதாடினாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "சீனியர் வேற கோர்ட்ல இருக்கார் யுவர் ஆனர், பாஸ் ஓவர் வேணும்" என்பேன். கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். கழித்துக் கூப்பிடும்போதும் சீனியர் வந்திருக்க மாட்டார். உடனே வாய்தா கேட்பேன். இந்த இரண்டு வரிக்காகத்தான் அப்பா என்னை ஐந்து வருடம் சட்டம் படிக்க வைத்தார்.

என் வீட்டுக்காரர் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். நானும் கூடவே போயிருக்கலாம், விசாவில் 'டிபென்டன்ட்', அதாவது அவரை அண்டிப் பிழைப்பவள், என்ற பட்டத்தோடு. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊர் வக்கீல் பரீட்சையைப் பாஸ் பண்ணாமல் அங்கே வந்து குடித்தனம் பண்ண மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புத்தகத்தின் கனம் தெரிந்தது.

அங்கே சின்னத் தொகை வழக்குகளை ஜனங்களே வீட்டிலிருந்து ஆன்லைனில் போட்டுக்கொள்கிறார்களாம். வக்கீலே தேவையில்லையாம். வக்கீல் தேவையில்லை என்பதை, வக்கீல் ஆவதற்காக, விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தேன். நல்ல கூத்து.

படித்த சூட்டோடு இங்கேயும் ஒரு வழக்கு போட்டேன். வாங்கி இரண்டே மாதத்தில் எங்கள் ஆர்.ஓ. மெஷின் ஒழுகி, சமையலறை அலமாரியை ஊற வைத்திருந்தது. நுகர்வோர் கோர்ட்டில் நானே புகார் கொடுத்தேன். கம்பெனியின் பதில் அருமையாக இருந்தது. உங்கள் ஏரியாத் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால்தான் மெஷின் கெட்டது, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். உப்பை எடுக்கத்தானே ஐயா மெஷினையே வாங்கினேன்.

இதற்கு நடுவில் பரீட்சைக்கு ஒத்திகை வந்தது. நீதிபதி முன்னால் வாதாடிக் காட்ட வேண்டும். வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். வழக்கு, உடைந்த சோபா. எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். "ஆரம்பிக்கலாம்" என்று அவர் சொன்னதும் எழுந்து நின்றேன். நின்றதும் வாய் தானாகத் திறந்தது. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும் என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டேன்.

அந்த அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "எந்த சீனியர்?" என்று மரியாதையாகக் கேட்டார். நிஜப் பரீட்சையில் இப்படிச் செய்தால் தேற மாட்டீர்கள் என்று அதே மரியாதையோடு சொன்னார். லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். வாதாடவே வராத நான் எந்த ஊருக்குப் போய் என்ன வக்கீலாவது?

அடுத்த வாரமே மெஷின் வழக்கு வந்தது. கம்பெனி சார்பில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்றாள். எதிர்த் தரப்பு வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்பதுதான் எங்கள் தொழில் மரியாதை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

"ஆட்சேபணை இருக்கு சார்," என்றேன்.

நீதிபதி நாற்காலியில் இருந்த நுகர்வோர் கோர்ட்டுத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க சீனியர் எங்கம்மா?"

"எனக்கு சீனியர் இல்ல சார். மெஷின் என்னுது, கேஸும் என்னுது. நானே பேசறேன்."

பேசினேன். உப்பில் தொடங்கி ஊறிப்போன அலமாரி வரை ஒன்றையும் விடவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை. தலைவர் எழுதிக்கொண்டே கேட்டார், தீர்ப்புக்குத் தேதி கொடுத்தார். ஒன்பது வருடத்தில் என் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க சீனியர் என்னைக் கிழிச்சிடுவாரு."

"நீ எழுந்து பேசியிருக்கலாமே?"

"எனக்குக் கேஸ் என்னன்னே தெரியாதுக்கா. பாஸ் ஓவர் கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்."

அவள் தோளைத் தட்டிவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பரீட்சைக்குப் பதிந்துவிடப் போகிறேன் என்றேன்.

"ஒத்திகைல சரியா வரலன்னு அழுதியே," என்றார், பாவம், அக்கறையாகத்தான். "அவசரம் இல்லம்மா. அடுத்த தடவை பாத்துக்கலாமே?"

"வாய்தா கேட்டா கொன்னுடுவேன்," என்றேன்.