பின் சீட்டில் மகள்: கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வரை

வெளிநாட்டு நகரத்தில் வண்டி ஓட்டுவது எப்படி என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வெளிநாடு பழகிவிட்டது. குவைத்தில் பதினோரு வருஷமாக வீட்டு டிரைவர். லீவில் வந்து ஓட்டியபோது சொந்த ஊர்தான் அந்நிய ஊராக இருந்தது. பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் போயிருந்தேன். மகள் திவ்யா நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் விடுதிக்குக் கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகிற அப்பாவிடம் அவள் பேசுவது, "சாப்டீங்களா", "சார்ஜர் எங்கப்பா" என்கிற அளவோடு சரி. "மலைக்கு இட்னு போய்ட்டு வாங்க. நா வர்ல" என்று மனைவி ஒதுங்கிக்கொண்டாள். ஒரு நாளில் மகளோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

தெரிந்தவரிடம் சின்ன கார், நாள் வாடகை 1,500 ரூபாய். பெட்ரோல் 800. காலை 6.10க்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்பது பேச்சுக்கு. முதலில் பின் கதவைத் திறந்து பிடித்தேன். திவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறினாள். பிறகு நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டும் போட்டேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. குவைத்தில் ஸ்டியரிங் இடது பக்கம், ஓட்டுவது சாலையின் வலது பக்கம்.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கியபடி நின்றார். "இன்னா மச்சான், குவைத்துல வண்டி தானா போய்க்கினு இருக்குமா?"

வலது பக்கம் மாறி உட்கார்ந்ததும் உள் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. பின்னால் இருக்கிற பெண்கள் கண்ணாடியில் தெரியக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கை தானாகச் செய்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. அங்கே இடது கைக்கான வேலை இந்த வண்டியில் வலது கைக்கு. ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்: "அண்ணே, மழையே இல்ல, இன்னாத்துக்குத் தொடைக்கிற?" பின்னால் சிரிப்புச் சத்தம் வருமா என்று காது கொடுத்தேன். வரவில்லை.

ஊர் தாண்டி கச்சிராயபாளையம் சாலை காலியாக இருந்தது. அதுதான் ஆபத்து. கூட்டத்தில் மற்றவர்களைப் பார்த்து ஓட்டிவிடலாம். காலிச் சாலையில் உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விடும். ஒரு வளைவில் திரும்பினால் நேருக்கு நேர் வைக்கோல் டிராக்டர். நான் வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.

"லெஃப்டு! லெஃப்டுப்பா!" திவ்யா கத்தினாள். ஒடித்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன்.

"யோவ், எந்த ஊர்யா நீ?" என்றார் டிராக்டர்காரர்.

"கள்ளக்குறிச்சிதாங்க."

"நீயா? ஓட்றதப் பாத்தா அப்பிடித் தெர்லியே!"

எட்டு கிலோமீட்டர் பின்னால் இருக்கிற என் ஊரை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. திவ்யா இறங்கி என் ஜன்னலருகே வந்தாள்.

"நா முன்னாடி ஒக்காரக் கூடாதாப்பா?"

"யாரு அப்பிடிச் சொன்னது?"

"நீங்கதான பின்னாடி கதவத் தொறந்துவுட்டீங்க."

பழக்கம் என்றேன். முதலாளியின் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விடுவதைச் சொன்னேன்.

"அவங்ககிட்ட பேசுவீங்களா?"

"அவங்க கேட்டா பேசுவேன்."

அவள் சாலையில் சிதறிய வைக்கோலைப் பார்த்தாள். "நா எதுவும் கேக்கலன்னுதான் எங்கிட்டயும் பேசலியா?"

இவளை ஒருநாள்கூட நான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதில்லை. இறங்கி இடது கதவைத் திறக்கப் போனேன்.

"நானே தொறந்துக்கறன்" என்றாள்.

கோமுகி அணை 7.15. அதற்குப் பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு "லெஃப்டு" என்றாள். பாதி மலையில் அலுத்துப்போய், "இன்னாப்பா, எப்பதான் கத்துக்குவ?" என்றாள். அதற்குள் எனக்குப் பழகித்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொல்லட்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தேன். கரியாலூர் 8.40, மீட்டரில் 38 கிலோமீட்டர். படகுத் துறை திறக்கவில்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் வண்டியிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். பேசியது கம்மிதான். விடுதியில் எத்தனை பேர் ஓர் அறை என்று நான் கேட்டேன். நாலு பேர். உங்களுக்கு என்று அவள் கேட்டாள். நான் மட்டும்தான் என்றேன்.

லீவில் வந்து ஓட்டப்போகிறவர்களுக்கு: ஊர் லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். முதல் நாளே மலை வேண்டாம். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே பல இடத்தில் போனும் எடுக்காது. முக்கியமாக, பக்கத்து சீட்டில் ஆளை உட்கார வையுங்கள். கிளம்பும்போதே, எட்டு கிலோமீட்டர் கழித்து அல்ல.

குவைத்துக்குத் திரும்பிய முதல் காலை, முதலாளியின் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுத் தெருவில் திரும்பினேன். தெரு காலி. இடது பக்கமாகவே கொஞ்ச தூரம் போய்விட்டேன். யாரும் கத்தவில்லை. பக்கத்து சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, நானாகத்தான் வலது பக்கம் மாறினேன்.