கிணற்றுக்குள் மூச்சு விட்ட தழை

இறங்கினவன் உட்கார்ந்துவிட்டான். கிணற்று மேட்டில் நின்ற எங்களுக்கு முதலில் அவ்வளவுதான் தெரிந்தது.

நான் அப்போது உத்திரமேரூர் பிளாக்கில் கிராம சேவக். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், வயலுக்குப் பசுந்தழை உரம் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவது என் வேலை. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். போட்டுக்கொண்டவர் ஒரு நாய்க்கர். அவர் கேட்டுக்கொண்ட விதம்தான் வம்பாகப் போயிற்று.

நடவுக்கு முன் சேற்றில் மிதிக்க வண்டி வண்டியாகப் புங்கந்தழை வெட்டி வந்தார். வெளியே போட்டால் ஆடு மேயும், வெயிலில் காயும். அதனால் கொல்லையிலிருந்த வறண்ட கிணற்றில் கொட்டி, மேலே பனையோலைத் தடுக்குகளை நெருக்கமாகப் போட்டு மூடிவிட்டார். சேற்றுழவு நாளில் தழையை எடுத்துப்போடக் கன்னியப்பனையும் அவன் மனைவி குப்பம்மாளையும் கூலிக்கு வரச் சொன்னார். தழை எப்படிப் பச்சையாகவே இருக்கிறது பாருங்கள் என்று காட்ட என்னையும் வரச் சொன்னார்.

உச்சி வேளை. தடுக்குகளை விலக்கினார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஏதோ வந்து முகத்தில் பட்டது. என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத கிணறு அது. எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் கன்னியப்பன் கல்படிகளில் இறங்கிவிட்டான்.

குனிந்து ஒரு கட்டுத் தழையை அள்ளினான். நிமிர்ந்தான். பிறகு யாரோ தோளைப் பிடித்து அமுக்கியது போல மெல்ல உட்கார்ந்தான். தலை தொங்கியது.

"டேய் கன்னியப்பா, குந்திக்கினு இன்னாடா பண்றே?" என்று நாய்க்கர் கத்தினார்.

கிணற்றில் கத்தினால் குரல் திரும்பி வரும். அன்று தழைக்குள் போய் அமுங்கிவிட்டது.

குப்பம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க சார்! எங்க வூட்டு ஆளு உள்ள கீறாரு!"

"நீயும் போனா ரெண்டு பேரும் வர மாட்டீங்கம்மா. ஒரு நிமிஷம் பொறு."

மாட்டுக் கொட்டகையிலிருந்த அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கன்னியப்பன் தலைக்குச் சற்று மேலே சுடர் சுருங்கியது, அணைந்தது. காற்று வீசவேயில்லை. மறுபடி ஏற்றி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது.

"யாரோ ஊதுறாங்க சார்," என்றாள் குப்பம்மாள்.

நாய்க்கர் கைகூப்பிவிட்டார். "முனி. உச்சி நேரத்துல தொறந்துட்டோம்."

கெட்ட காற்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக் கரண்டி நாய்க்கர் வீட்டில் இருந்தது. அந்தக் கொக்கிக் கொத்தை மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைக் கயிற்றில் கட்டி விட்டோம். அது தழையை வாரியதே தவிர அவனை வாரவில்லை. குப்பம்மாள் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். மேட்டில் குப்புறப் படுத்து, அவன் இடுப்பில் முறுக்கிக் கட்டியிருந்த துண்டில் கொக்கியை மாட்டினாள். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்.

அவனைக் குப்புறப் போட்டு, முதலுதவிப் பயிற்சியில் காட்டியபடி முதுகை அழுத்தி அழுத்தி விட்டேன். உடம்பெல்லாம் இலை ஒட்டியிருந்தது. போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்போது ரம்பம் அறுப்பது போல ஒரு மூச்சை இழுத்தான். குப்பம்மாள் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

நாய்க்கர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிளாக் ஆபீசு சார்ட்ல, தழை நல்ல காத்து வுடும்னு போட்டுக்கீதே. கெணறு நெறைய தழை இருக்க சொல்ல, காத்துக்கு இன்னா கொறைச்சல்னு நெனச்சேன்."

அந்த சார்ட்டில் சூரியனையும் வரைந்திருந்தார்கள். அதைத்தான் அவர் தடுக்குப் போட்டு மூடிவிட்டார்.

வெளிச்சம் இருந்தால் இலை, நாம் விடும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் வைத்துச் சாப்பாடு ஆக்கும். பிராணவாயுவை வெளியே விடும். ஆக்கியதைச் செலவழித்து உயிர்வாழ அதற்கும் மூச்சு வேண்டும். அப்போது அதே பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, அதே கரியமில வாயுவை விடும். இது இரவு பகல் ஓயாது. பகலில் கொடுப்பது அதிகம் என்பதால் எடுப்பது தெரிவதில்லை. இருட்டில் அடைத்தால் எடுப்பது மட்டும்தான் நடக்கும். இதைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

"மரத்துலேர்ந்து வெட்டின தழை செத்ததுதானே சார்?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"இல்லம்மா. வாடிப்போற வரைக்கும் உசுரோடதான் இருக்கும். மூச்சு விடும்."

அவள் கணவன் முதுகில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

மூடிக்கிடந்த கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்காமல் ஆளை இறக்காதீர்கள் என்பதை அதன் பிறகு போன ஊரிலெல்லாம் சொன்னேன். பசுந்தழைக்குக் கேட்காத காதுகள் இதற்குக் கேட்டன.

சில நாள் கழித்து அந்தத் தழையையே மேலிருந்து கொக்கியால் வாரி எடுத்து, வயலில் பரப்பி மிதித்தார்கள். கன்னியப்பன் மட்டும் வரப்பில் நின்றான். பயமா என்று கேட்டேன்.

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இருந்த காத்த அதுங்களும் நானும் பங்கு போட்டுக்கினோம். அதுங்க கூட்டம் ஜாஸ்தி."

சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினான். அவன் மிதிக்க மிதிக்க, காலடியிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது.